150 ரூபாய் சம்பளம் இன்னைக்கு ஒன்றரை லட்சமா? யாரு காதுல பூ சுத்துறீங்க?

செம்பூர் பஞ்சப்படி:
நேத்து தங்கமாமா நம்ம மும்பை தமிழர் குழுவுல எழுதியிருந்தாரே, "1960ல பம்பாயில எங்கப்பாவுக்கு 150 ரூபாய் சம்பளம், இன்னைக்கு அது ஒன்றரை லட்சத்துக்குச் சமம்"னு. அதுக்கு லைக் வேற குவியுது. சர்வீஸ் பூரா யூனியன்ல பஞ்சப்படி, அதான் விலைவாசி ஏறினா சம்பளத்தோட சேர்த்துக் குடுக்கற படி, அதுக்குக் கணக்குப் போட்டவன் சொல்றேன், கேட்டுக்குங்க. தொழிலாளர் விலைக் குறியீடு 1960ல 100. 1982ஐ 100ஆ வெச்சுப் புது வரிசைக்கு மாறினப்போ, பழசோட பொருத்தப் பெருக்க வேண்டிய இணைப்புக் காரணி 4.93. அடுத்து 2001க்கு 4.63. அதுக்கப்புறம் 2016க்கு 2.88. மூணையும் பெருக்கினா 65.7. புது வரிசையில குறியீடு இப்போ 140ஐத் தாண்டிடுச்சு. ஆக, 95 மடங்கு பக்கம். 150 ரூபாய் பதினாலாயிரத்துச் சொச்சம்தான் ஆகும். ஒன்றரை லட்சம் எங்கிருந்து வந்துது?

மாட்டுங்கா தங்கமாமா:
தங்கத்துலேர்ந்து வந்தது ஓய். 1960ல 112 ரூபாய், இப்போ லட்சத்துக்கு மேல. பதினாலாயிரத்துல மாட்டுங்காவுல ஒரு மாசம் குடும்பம் நடத்திக் காட்டும். எங்கப்பா அந்த 150ல ரெண்டு பொண்ணைக் கட்டிக் குடுத்தார். உம்ம குறியீட்டை ஊறுகாய் போட்டு வெச்சுக்கோரும்.

செம்பூர் பஞ்சப்படி:
112 எதுக்கு? தோலாவுக்கா, பத்து கிராமுக்கா?

மாட்டுங்கா தங்கமாமா:
எதுக்கா இருந்தா என்ன?

செம்பூர் பஞ்சப்படி:
என்னவா! தோலா 11.66 கிராம். பவுன் 8 கிராம். எடையே தெரியாம விலை பேச வந்துட்டார்.

முலுண்ட் மைதிலி:
தோலான்னா 1,56,000. பத்து கிராம்னா 1,34,000. பவுன்னா 1,07,000. தங்கம் பத்து கிராம் ஒரு லட்சம்னு வெச்சுப் போட்ட கணக்கு. எப்படிப் போட்டாலும் லட்சத்துக்குக் குறையல, அந்தப் பக்கம் குறியீடு பதினாலாயிரத்துலயே நிக்குது. மதிப்புன்னு நீங்க சொல்றது அரிசி பருப்பா, நகையா, வீடா? அதைப் பேசாம தராசை வெச்சுக்கிட்டு என்ன சண்டை?

செம்பூர் பஞ்சப்படி:
நீ கொஞ்சம் இரும்மா. தோலாவுக்கு அவர் பதில் சொல்லட்டும்.

டோம்பிவிலி லோக்கல்:
சார், அந்த 112ஏ கள்ள விலை. அப்போ உலகச் சந்தையில அவுன்ஸ் 35 டாலர், டாலர் 4.76 ரூபாய். பத்து கிராம் 54 ரூபாய்கூட வராது. இறக்குமதிக்குக் கெடுபிடி, அதனால இங்க ஜவேரி பஜார் நகைக் கடைத்தெருவுல ரெண்டு மடங்கு. கடத்தல் தங்கத்தை வெச்சு அப்பா சம்பளத்தை அளக்கறதா?

மாட்டுங்கா தங்கமாமா:
பேஷ்! 54ன்னு வெச்சா எங்கப்பா சம்பளம் இன்னிக்கு ரெண்டே முக்கால் லட்சம். நன்னா எடுத்துக் குடுத்தேள், ரொம்ப சந்தோஷம்.

டோம்பிவிலி லோக்கல்:
நான் சொல்ல வந்தது அது இல்ல சார்.

மாட்டுங்கா தங்கமாமா:
எழுதினது அதுதான்.

தாராவி நெல்லை:
மாமா, அந்த 150ல எப்படிக் குடும்பம் ஓடிச்சுன்னு நான் சொல்லுதேன். 1947 பம்பாய் வாடகைச் சட்டம். 1940 செப்டம்பர்ல என்ன வாடகையோ அதுலயே நிறுத்திட்டாவ. சம்பளம் ஏறும், விலைவாசி ஏறும், உங்க வீட்டு வாடகை மட்டும் அசையாது. உங்கப்பா 150 வாங்கின அதே வருசம் எங்க தாத்தா இங்க தோல் கிடங்குல தொட்டியில இறங்கி நின்னாவ. 150 ரூபாயை மொத்தமா கண்ணால பார்த்தது இல்ல. அவியளுக்கு எந்தக் கணக்கு, தங்கமா குறியீடா?

மாட்டுங்கா தங்கமாமா:
என் வாடகையைப் பத்தி உமக்கென்ன?

தாராவி நெல்லை:
இப்பவும் பகடி வீடுதான, முன்பணம் குடுத்துட்டு கம்மி வாடகையில காலங்காலமா இருக்கது? 2000ல வந்த புதுச் சட்டத்துல வருசத்துக்கு 4 சதவீதம்தான் ஏத்தலாம். தங்க விலை ஏறின கணக்குல வீட்டுக்காரனுக்கு வாடகை குடுப்பியளா?

முலுண்ட் மைதிலி:
இதுக்கு யாராவது பதில் சொன்னா நல்லா இருக்கும்.

செம்பூர் பஞ்சப்படி:
வாடகையெல்லாம் அப்புறம். மூணாவது தடவை கேக்கறேன், 112 தோலாவுக்கா, பத்து கிராமுக்கா? தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. 1966 ஜூன்ல ரூபாயை 4.76லேர்ந்து 7.50க்கு இறக்கினாங்க, 1974ல விலைவாசி விஷமா ஏறிச்சு, எல்லாத்தையும் குறியீடு பார்த்திருக்கு. அதை வெச்சுத்தான் சண்டை போட்டு பஞ்சப்படி வாங்கினோம். கம்மல் விலையைப் பார்த்து இல்ல.

மாட்டுங்கா தங்கமாமா:
உம்ம பஞ்சப்படியை வாங்கின கையோட எல்லாரும் எங்க ஓடினா? நகைக் கடைக்கு. உம்ம ஆத்துக்காரியைக் கேளும்.

செம்பூர் பஞ்சப்படி:
வீட்டுப் பொம்பளைங்களை இழுக்காதீங்க. பொங்கல் விழா கணக்கு கேட்டப்பவும் இப்படித்தான் பேச்சை மாத்தினீங்க.

மாட்டுங்கா தங்கமாமா:
பொங்கல் கணக்கா? பந்தல்காரன் பில்லை வெச்சிண்டு குடுக்காதது யார்?

டோம்பிவிலி லோக்கல்:
பந்தல் பில் என்கிட்ட இருக்கு. ரெண்டு பேருமே கேக்கல.

செம்பூர் பஞ்சப்படி:
நீ அப்போ கமிட்டியிலயே இல்லையேப்பா, பில் உன்கிட்ட எப்படி வந்துச்சு?