ஒரே ஒரு 24சி16, ஆனால் எட்டு விலாசம்: 113-வது பதிவிலிருந்து குப்பை

ஆத்தங்குடித் தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். ஆத்தங்குடியில் சித்தப்பாவுக்கு டைல்ஸ் பட்டறை. வார்த்த கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறப்போடுவார்கள். எந்த அடுக்கு எப்போது தொட்டியில் இறங்கியது என்பதைச் சித்தப்பா கரிக்கட்டியால் சுவரில் எழுதி வைப்பார். ஐப்பசி மழையில் சுவர் ஒழுகி, கணக்கு மொத்தமும் போச்சு. அதனால் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியை வைத்து ஒரு பெட்டி செய்தேன். நேரத்துக்கு டிஎஸ்3231 கடிகாரப் பலகை. பதிவுக்கு 24சி16 ஈப்ராம் (கரண்ட் போனாலும் எழுதியது அழியாத நினைவகச் சிப்), பழைய டப்பா டிவி போர்டிலிருந்து பிடுங்கியது.

ஒரு பதிவு 16 பைட். 112 பதிவு வரை சுத்தம். 113 முதல் வாசித்தால் குப்பை. சிப் செத்துவிட்டது என்று காரைக்குடியில் புதிதாக ரெண்டு வாங்கி, மாற்றியும் பார்த்தேன். அதே 113! கடிகாரமும் ஈப்ராமும் ஒரே ஐ2சி கம்பியில்தான். அதில் எந்தெந்த விலாசம் பதில் சொல்கிறது என்று காட்டும் ஐ2சி டிடெக்ட் ஓட்டினால் ஹெக்ஸில் (16-அடிமான எண்ணில்) 50 முதல் 57 வரை எட்டு விலாசமும், கடிகாரத்தின் 68-உம் வருகிறது. டிரைவர் லினக்ஸோடு வரும் ஏடி24. டிவைஸ் ட்ரீயில் (எந்தச் சிப் எந்த விலாசத்தில் என்று லினக்ஸுக்குச் சொல்லும் பட்டியல்) பேஜ் அளவு, அதாவது ஒரே மூச்சில் எழுதும் பைட், 16 என்று கொடுத்திருக்கிறேன், இல்லாவிட்டால் பைட் பைட்டாக எழுதி உயிரை வாங்குகிறது. கோளாறு டிரைவரிலா, என்னிடமா?

சாலிடர் பிரியன்:

கடிகாரப் பலகையில் எட்டுக் கால் சிப் இன்னொன்று இருக்கும், பாருங்கள். அது 24சி32, விலாசம் 57. பக்கத்தில் ஏ0, ஏ1, ஏ2 என்று மூன்று ஜோடிப் பட்டை இருக்கும். ஒன்றில் ஈயம் வைத்து இணைத்தால் விலாசம் மாறிவிடும். வேலை முடிந்தது.

பர்மா தேக்கு:

தம்பி, ஈயம் வைக்க வேண்டாம். சாலிடர் பிரியன் சிப்பைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார், ஆனால் அந்தப் பட்டைகளை எப்படி இணைத்தாலும் 50-க்கும் 57-க்கும் நடுவில்தான் விழும். அந்த எட்டையும் 24சி16 ஏற்கெனவே வளைத்துப் போட்டிருக்கிறது.

24சி16-இல் 2048 பைட். அதை எண்ண 11 பிட் வேண்டும். ஆனால் பைட் விலாசமாகப் போவது 8 பிட்தான். மீதி மூன்றையும் சிப்பின் சொந்த விலாசத்திலேயே செருகிவிட்டார்கள். நம்ம பக்கத்துப் பெரிய வீடுகளில் முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில் இருக்குமே, அது மாதிரி. கதவு எண் பல, குடும்பம் ஒன்று. நீங்கள் 50 என்று மட்டும் சொன்னாலும், மற்ற ஏழுக்கும் டிரைவரே போலிச் சாதனம் பதிந்துகொள்ளும்.

50 முதல் 56 வரை ஏழு கட்டு, கட்டுக்கு 256 பைட், ஆக 1792. பதினாறால் வகுத்தால் 112. உங்கள் 113-வது பதிவு 57-இல் விழுகிறது, அங்கே ரெண்டு சிப்பும் "நான்தான்" என்கின்றன. 24சி32-க்கு பைட் விலாசமே ரெண்டு பைட். ஆகவே உங்கள் பதிவின் முதல் பைட்டை அது விலாசத்தின் பின்பாதியாக எடுத்துக்கொண்டு, மீதி 15-ஐ வேறெங்கோ எழுதிவிடும். வாசிக்கும்போது ரெண்டும் ஒரே கம்பியில் பேசும். ஐ2சி-யில் 0 சொல்பவர்தான் ஜெயிப்பார்.

வேடிக்கை என்னவென்றால், பைட் பைட்டாகவே எழுதியிருந்தால் 24சி32 வந்த ரெண்டு பைட்டையும் விலாசம் என்றே விழுங்கிவிட்டு எதையும் எழுதியிருக்காது. அது வெற்றுச் சிப்பானால் வாசிக்கும்போதும் வெறும் 1-களையே சொல்லும், 24சி16-இன் 0-தான் ஜெயிக்கும்; கோளாறு வெளியே தெரியாமலே கிடந்திருக்கும்.

டிரைவரைக் குறை சொல்லாதீர்கள். பலகையில் ஒரு 24சி32 இருப்பதை நீங்கள் அதற்குச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் 57 காலியில்லை என்று 16-ஆம் எண் பிழை போட்டு 24சி16-ஐ அப்போதே மறுத்திருக்கும்.

24சி16-ஐக் கழற்றிவிடுங்கள். 24சி32-இல் 4096 பைட் சும்மா கிடக்கிறது. டிவைஸ் ட்ரீயில் 24சி32, விலாசம் 57, பேஜ் 32 என்று கொடுங்கள். பெயரை மட்டும் தப்பாகப் போட்டுவிடாதீர்கள், விலாசம் ஒற்றை பைட்டாகப் போய் மறுபடி இதே கூத்து.

ஆத்தங்குடித் தம்பி:

அண்ணே, கழற்றியாச்சு. டிடெக்டில் இப்போது 57-உம் 68-உம் மட்டும். 140 பதிவு எழுதி வாசித்துப் பார்த்தேன், ஒன்றும் பிசகவில்லை. புது 24சி16 ரெண்டும் என்னிடம் மிச்சம் கிடக்கின்றன. காரைக்குடிப் பக்கம் டிவி ரிப்பேர் பார்ப்பவர் யாருக்காவது வேண்டுமா?