தளபதி செத்துட்டா அடுத்தது யாரு? மாவீரர் சபைப் பதவிகளால நீங்க பட்ட பாட்டைச் சொல்லுங்க

மொட்டைமாடி டிஎம், பழைய வண்ணாரப்பேட்டை

முதல்ல நான் அசிங்கப்பட்ட கதையைச் சொல்லிடறேன், அப்புறம் நீங்க ஆரம்பிங்க.

சனிக்கிழமை ராத்திரி ஆறு பேர் எங்க மொட்டைமாடியில உக்காந்து டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவோம், ஆளுக்கொரு வேஷம் எடுத்துப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தற ஆட்டம். நான்தான் டிஎம், கதையை நடத்துறவன். இவ்வளவு நாள் ரெடிமேட் கதையையே ஓட்டிட்டிருந்தவன், இந்தத் தடவை சொந்தமா ஒரு நைட்ஸ் ஆர்டர், அதாவது குதிரை வீரர் சபை கட்டினேன். பேரு கருங்கொடிச் சபை. அதுல பதினோரு பதவி. மகாசேனாதிபதி, பெருந்தளபதி, தளபதி, உபதளபதி, படைத்தலைவர், கோட்டைத்தலைவர்னு அகராதியைப் புரட்டிப் புரட்டி எழுதி, கோபுரம் மாதிரி படம் போட்டு, லேமினேஷன் வேற பண்ணிட்டு வந்தேன். பெருமை தாங்கல.

ரெண்டாவது வாரமே பாலத்துச் சண்டையில தளபதி காலி. பகடையில ஒண்ணு விழுந்தா நான் என்ன பண்றது? தளபதியா ஆடின பையன் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு, சமோசாத் தட்டோட தண்ணித் தொட்டி மேல ஏறி உக்காந்துட்டான். எதிர்ல நாப்பது ஓர்க், அரக்கக் கூட்டம். மீதி இருந்தவங்கள்ல ஒருத்தன் கேட்டான்: "அண்ணே, இப்ப யார் சொல்றத யார் கேக்கணும்?"

படைத்தலைவர் பின்வாங்குன்றாரு. கோட்டைத்தலைவர் பாலத்தை விடாதேன்றாரு. என் லேமினேஷனை எடுத்துப் பார்த்தா ரெண்டு பேரும் ஒரே வரிசையில, ஒரே சைஸ் கட்டத்துல உக்காந்திருக்காங்க. நாப்பது நிமிஷம் சண்டை. ஓர்க்கோட இல்ல, ஒருத்தரோட ஒருத்தர். கீழ் வீட்டு அக்கா மாடிப்படி வரைக்கும் வந்து, "மணி பன்னெண்டரை ஆவுது, அந்த ஓர்க்க நாளைக்கு வெட்டுங்கடா"ன்னு சத்தம் போட்டப்புறம்தான் கலைஞ்சோம்.

அந்த வெறுப்புல நிஜ ஆர்டர் எப்படித்தான் நடந்துச்சுன்னு தேடப் போனேன். சிலுவைப்போர் காலத்துல துறவியாவும் போர்வீரராவும் இருந்த டெம்ப்ளர்களோட சட்டப் புத்தகம் இன்னிக்கும் படிக்கக் கிடைக்குது. 1129ல பிரான்ஸ்ல துருவா நகரத்துல நடந்த திருச்சபைக் கூட்டத்துல முதல் விதிகளை எழுதினாங்க, அப்புறம் அப்பப்ப சேர்த்துக்கிட்டே போனாங்க. நான் எதிர்பார்த்தது பந்தாவான பட்டங்கள். உள்ள இருந்தது சாவி, குதிரை, போர்வை, சோறு.

சில விஷயம் படிச்சிட்டு வாய் பிளந்தேன். சபையோட உச்சத் தலைவர் பேரு மாஸ்டர். அவர் கஜானா சாவியைக் கையில வச்சிக்கக் கூடாது! நகை நட்டு வைக்க ஒரு பெட்டியை உள்ள வச்சிக்கலாம், அவ்வளவுதான். கூட்டத்தோட சம்மதம் இல்லாம அவரால போர் தொடுக்க முடியாது, நிலத்தை எழுதிக் கொடுக்கவும் முடியாது. அவருக்கு நாலு குதிரை. சாதாரண நைட்டுக்கு மூணு குதிரை, ஒரு எடுபிடி. நைட்டுக்குக் கீழ இருக்கிற சார்ஜெண்டுக்கு ஒரே குதிரை. லாயத்தை எட்டிப் பார்த்தாலே யார் யாருக்குக் கீழன்னு தெரிஞ்சிடும், லேமினேஷன் தேவையே இல்ல.

எனக்கு ரொம்பப் பிடிச்சவர் டிரேப்பர். துணிக் கிடங்குக்காரர். யாருக்கு எந்த அங்கி, எந்தப் படுக்கைன்னு கொடுக்கிறதும், எல்லாரும் ஒழுங்கா உடுத்திருக்காங்களான்னு பார்க்கிறதும் அவர் வேலை. மாஸ்டருக்கும், படையை நடத்துற மார்ஷலுக்கும் அடுத்து மத்த எல்லாரையும் விட இவர்தான் மேலன்னு விதியே சொல்லுது. எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில பொறந்து வளர்ந்தவன் நான். எங்க கடையில முதலாளி கல்லாவுல உக்காந்திருந்தாலும் கிடங்குச் சாவி வச்சிருக்கிற அண்ணன் தலையாட்டாம ஒரு பீஸ் வெளிய போகாது. இது தெரிஞ்சும் என் பதினோரு பதவியில துணிக்கு ஒருத்தரை வைக்கணும்னு தோணல பாருங்க.

இனி பாலத்துச் சண்டைக்கு விடை. சண்டையில கொடி மார்ஷல் கையில. கொடியைக் காக்கப் பத்து நைட் வரைக்கும் நிறுத்துவாங்க. அவங்கள்ல ஒருத்தர் இன்னொரு கொடியைத் தன் ஈட்டியில சுருட்டி வச்சிருப்பார். முதல் கொடி விழுந்தா அதை விரிக்கணும். கொடி பறக்கிற வரைக்கும் களத்தை விட்டுப் போகக் கூடாது. கொடியே இல்லாமப் போனா இவங்களை மாதிரியே இன்னொரு சபையான ஹாஸ்பிட்டலர்களோட கொடிகிட்ட போ, அதுவும் இல்லன்னா எந்தக் கிறிஸ்தவக் கொடி தெரியுதோ அங்க போய் நில்லு. இதுதான் விதி. "அடுத்தது யாரு"ங்கிற கேள்விக்கு அவங்க ஒரு துணியைச் சுருட்டி முன்கூட்டியே பதில் வச்சிருந்தாங்க.

உங்களுக்கும் இப்படி மாட்டின அனுபவம் இருக்கும். சொல்லுங்க.


பெரம்பூர் எழுத்தாளினி

அண்ணா, நான் ஆடறதில்ல, எழுதறேன். ஒரு செயலியில தொடர்கதை போகுது, மலைக்கோட்டையில ஒரு மாவீரர் சபை. இருபது அத்தியாயம் தாண்டினப்புறம் எங்க தாத்தா ஒருநாள் போனை வாங்கிப் படிச்சார். ரயில் பெட்டி செய்யற ஐசிஎஃப்ல கலாசியா, அதாவது எடுபிடியாச் சேர்ந்து, சார்ஜ்மேனா, மேற்பார்வையாளரா ரிட்டையர் ஆனவர். கண்ணாடியை நெத்தி மேல ஏத்தி விட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்தக் கோட்டைத் தளபதி லீவு போட்டா யாரும்மா இன்சார்ஜ்?"

தாத்தா, அவர் மாவீரர், லீவெல்லாம் போட மாட்டார்னேன். "ஜுரம் வராதா? பொண்ணுக்குக் கல்யாணம் வராதா?"ன்னார். அப்புறம் தினசரிக் காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கத்துல ரெண்டு கோடு போட்டார். ஒரு கோட்டுக்கு மேல கிரேடுன்னும், இன்னொண்ணுக்கு மேல சீட்டுன்னும் எழுதினார். கிரேடு ஆளோட கூடவே வீட்டுக்கு வரும். சீட்டு ஷாப்புலயே இருக்கும், அன்னிக்கு யார் உக்கார்றாங்களோ அவங்க கையெழுத்துதான் செல்லும். "உன் கதையில இது ரெண்டையும் ஒண்ணாக் குழப்பியிருக்க"ன்னார்.

நிஜமாவே குழப்பியிருந்தேன். நீங்க சொன்ன டெம்ப்ளர்லயே பாருங்க, நைட்டுங்கிறது கிரேடு, மார்ஷல்ங்கிறது சீட்டு. சார்ஜெண்ட் எவ்வளவு திறமைசாலியா இருந்தாலும் நைட்டோட வெள்ளை அங்கி அவனுக்குக் கிடையாது, கருப்போ பழுப்போதான். அது பிறப்பால வர்ற கிரேடு. ஆனா அவங்களுக்குன்னு அஞ்சு சீட்டு இருந்துச்சு: உதவி மார்ஷல், கொடிக்காரர், சபையோட சமையல்காரர், லாடக்காரர், அப்புறம் ஆக்கர் துறைமுகத்தைப் பார்த்துக்கிறவர். இந்த அஞ்சு பேருக்கு மட்டும் ஆளுக்கு ரெண்டு குதிரை. சமையல்காரருக்கு ரெண்டு குதிரை! இதை வாசிச்சதும் என் கதையில வெறும் சூப் கிண்டிட்டிருந்த கிழவருக்கு ஒரு முழு அத்தியாயம் எழுதினேன். இதுவரைக்கும் அதுக்குத்தான் கமெண்ட் அதிகம். வாளைச் சுழட்டின அத்தியாயத்துக்கெல்லாம் ஹார்ட் மட்டும் போட்டுட்டுப் போயிடறாங்க.

தலைவர் செத்தா அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க டெம்ப்ளர்ல பதிமூணு பேர் உக்காருவாங்க. எட்டு நைட், நாலு சார்ஜெண்ட், ஒரு பாதிரியார். வெள்ளை அங்கி கிடைக்காத ஆளுக்கு ஓட்டு மட்டும் உண்டு. தாத்தாகிட்ட சொன்னேன். "எங்க யூனியன் எலெக்‌ஷன்லயும் இப்படித்தான், ஓட்டு மட்டும் எல்லாருக்கும் ஒண்ணு"ன்னு சிரிச்சார்.


ஒற்றைக்கண் பூனை, வியாசர்பாடி

நம்மது சின்ன அனுபவம். வார்ஹேமர்ங்கிற மேஜைப் போர் விளையாட்டோட பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் நான். அதுல ஸ்பேஸ் மரீன்ங்கிற விண்வெளி வீரர்களோட ஒரு படை, அதாவது சாப்டர்னா ஏறக்குறைய ஆயிரம் பேர், பத்து கம்பெனி, கம்பெனிக்கு நூறு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கேப்டன், எல்லாருக்கும் மேல சாப்டர் மாஸ்டர். முதல் கம்பெனி பழம் தின்னு கொட்டை போட்டவங்க, பத்தாவது புதுசா வந்த பசங்க. கணக்கு கச்சிதமா இருக்கும். தோள்பட்டையில கலர் அடிக்கும்போதே எவன் எந்தக் கம்பெனின்னு தெரியணும். நான் ஒருநாள் தூக்கக் கலக்கத்துல ஒரே ஸ்குவாடுக்கு ரெண்டு சார்ஜெண்ட் அடிச்சிட்டேன். ஆடும்போது நண்பன் கேட்டான், "என்னடா, ஒரு உறையில ரெண்டு கத்தியா?" இன்னி வரைக்கும் அந்த ரெண்டாவது பொம்மையை அலமாரியில திருப்பி வச்சிருக்கேன். அவ்ளோதான் மேட்டர்.


காசிமேட்டான்

மேல எல்லாரும் சபைக்குள்ள யார் பெரியவன்னு பேசறீங்க. எங்க ஆட்டம் வேற இடத்துல முட்டிக்கிச்சு. சபை யாருக்குக் கட்டுப்பட்டது?

ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. வலை பொத்துற நேரம் போக மீதி நேரம் நானும் தம்பியும் சித்தப்பா பசங்களும் படகு நிழல்ல உக்காந்து ஆடுவோம். நான் சபைத் தளபதி, தம்பி ராஜா. ராஜா சொல்றான், பக்கத்து ஊரைக் கொளுத்துன்னு. நான் முடியாதுன்னேன். "நான் ராஜாடா, நீ யாரு முடியாதுன்றதுக்கு?"ன்னு எகிறிட்டான். டிஎம்மா இருந்த சித்தப்பா பையனுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.

பக்கத்துல வலை பொத்திட்டிருந்த மாமா தலையைத் தூக்காமலே தீர்ப்பு சொன்னாரு: "ஓனரு கரையில. டிரைவரு கடல்ல. காத்து மாறிச்சுன்னா டிரைவரு சொல்றதுதான். ஓனரு வேற டிரைவர வேணா பார்த்துக்கலாம், ஆனா நடுக்கடல்ல பார்க்க முடியாது."

டெம்ப்ளருக்கு ராஜாவே ஓனர் கிடையாது. 1139ல போப் ஓர் ஆணை போட்டு, சபை தனக்கு மட்டும்தான் பதில் சொல்லணும்னு ஆக்கிட்டாரு. அதனால எருசலேம் ராஜா இவங்களைக் கேட்டுக்கத்தான் முடியும், உத்தரவு போட முடியாது. அந்தச் சௌகரியமே பின்னாடி வினையாச்சு. 1307 அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை, பிரெஞ்சு ராஜா ஒரே நாள்ல அந்த நாட்டுல இருந்தவங்களைச் சுத்தி வளைச்சிப் பிடிச்சாரு. 1312ல போப்பே சபையைக் கலைச்சிட்டாரு. ஒரே ஓனரு, அவரும் கை விட்டாரு.

இன்னொண்ணு. எதுக்கெடுத்தாலும் வெள்ளைக்காரன் சபைதானா? நம்ம சோழர் காலத்து வேளைக்காரப் படை இருக்கே. ராஜாவுக்காக உயிர் விடறதாச் சத்தியம் பண்ணினவங்க. இலங்கையில, பொலன்னறுவையில ஆண்ட விஜயபாகு ராஜாகிட்ட இருந்த வேளைக்காரர், சோழர் மேல படையெடுக்கச் சொன்னதுக்கு மாட்டேன்னு கலகம் பண்ணி அரண்மனையையே கொளுத்தினாங்க. ராஜா அடக்கிட்டாரு, அது வேற. பின்னாடி அதே பொலன்னறுவையில புத்தரோட பல் இருந்த கோயிலைக் காப்போம்னு தமிழ்ல கல்வெட்டு வெட்டிக் கொடுத்ததும் வேளைக்காரர்தான். மூன்றுகைத் திருவேளைக்காரர்னு பேரு. வலங்கை, இடங்கை, சிறுதனம், வடுகர், மலையாளர்னு உட்பிரிவு எல்லாம் வரிசையா அந்தக் கல்லுல இருக்கு. சத்தியம், கோயில், பிரிவு, அடம். ஒரு நைட்ஸ் ஆர்டருக்கு வேற என்னய்யா வேணும்?


மொட்டைமாடி டிஎம், பழைய வண்ணாரப்பேட்டை

காசிமேட்டாரே, உங்க மாமா காலைத் தொட்டுக் கும்பிடணும். பெரம்பூர் தங்கச்சி, தாத்தாகிட்ட என் வணக்கத்தைச் சொல்லும்மா.

லேமினேஷனைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டேன். பதினோரு பதவி போயி இப்ப கிரேடு ரெண்டுதான்: பெருந்தரம், சிறுதரம். சோழர் கல்வெட்டுல அதிகாரிகளுக்கு வர்ற பேரு, அப்படியே எடுத்துக்கிட்டேன். சீட்டு அஞ்சு. ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு பொருள் வச்சேன். தலைவருக்கு மோதிரம். அந்தக் காலத்துல படைத்தலைவர்களுக்கு ஏனாதிப் பட்டம் கொடுக்கும்போது ராஜா மோதிரம் போடுவாராமே, அதுலேர்ந்து சுட்டது. மார்ஷலுக்குக் கொடி, கஜானாக்காரருக்குச் சாவி, சமையல்காரருக்குக் கரண்டி, டிரேப்பருக்குக் கத்திரிக்கோல். பொருள் யார் கையில இருக்கோ அவர் சொல்றதுதான் அந்த வேலையில செல்லும். செத்தா பக்கத்துல இருக்கிறவன் எடுத்துக்கணும். சுருட்டின கொடியும் ஒண்ணு உண்டு.

போன சனிக்கிழமை மறுபடியும் அதே பாலம். மார்ஷல் விழுந்தாரு. சிறுதரத்து ஆள் ஒருத்தன் ஈட்டியிலேர்ந்து கொடியை விரிச்சான், நாலு பேரும் அவன் பின்னாடி போனாங்க. யாரும் என் மூஞ்சியைப் பார்க்கல. ஓர்க் காலி. பதினொண்ணரைக்கே முடிஞ்சிடுச்சு, கீழ் வீட்டு அக்கா சந்தேகப்பட்டு மேல வந்து எட்டிப் பார்த்துட்டுப் போச்சு.

தகராறு அதுக்கப்புறம்தான். தண்ணித் தொட்டி மேல ஏறி உக்காந்த பையனை இந்தத் தடவை டிரேப்பராப் போட்டிருந்தேன். ஜெயிச்ச சந்தோஷத்துல சபைத் தலைவர் அவன்கிட்ட வந்து, பனி மலைக்குப் போறோம், எனக்கு ரெண்டாவது போர்வை ஒண்ணு கொடுன்னு கேட்டாரு. பையன் கத்திரிக்கோலை எடுத்து முன்னால வச்சான். அவங்க அம்மாவோட நிஜக் கத்திரிக்கோல், வீட்லேர்ந்து கொண்டு வந்திருக்கான்.

"ஆளுக்கு ஒண்ணுதான் சார். கூட்டத்துல வச்சு எழுதிக் கொடுங்க."