படிவத்தில் "இனம்" என்று கேட்டால்: அனுபவப் பகிர்வு

பிறப்புப் பத்திரம், விசா, காணி உறுதி, குடிசன மதிப்பீடு என்று இந்தக் கேள்வி இலங்கையரான நம்மை விடாமல் துரத்துகிறது. எங்கே என்ன எழுதப்படுகிறது, எங்கே இடறுகிறது? வேலையில் அடிக்கடி காண்பவர்கள் எழுதுங்கள். அரசியல் சண்டை வேண்டாம்.

வெள்ளவத்தை, மொழிபெயர்ப்பாளர்

அதிகம் இடறுவது ஒரு சிங்களச் சொல்லில். "ஜாதிய" என்றால் இனம். தேசம் என்ற பொருளும் அதற்குண்டு. நமது சாதிக்குச் சிங்களத்தில் "குலய". தமிழ்ப் படிவம் கிடைக்காமல் சிங்களப் படிவத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பவர்கள் அந்தக் கூட்டை (நிரப்பும் கட்டத்தை) கண்டதும் முகம் சுளிப்பார்கள். அங்கே சாதியை யாரும் கேட்கவில்லை. "ஜாதிகத்வய" என்று இருந்தால்தான் அது நாட்டைக் கேட்கிறது. "இலங்கையர்" என்று எழுதினால் போதும்.

அடுத்தது பிறப்புப் பத்திரம். வழக்கமான பத்திரத்தில் தகப்பனின் இனமும் தாயின் இனமும் தனித்தனியாக இருக்கும். பிள்ளைக்கென்று இனக் கூடு கிடையாது. தகப்பன் தமிழர், தாய் சிங்களவர் என்றால் இரண்டும் அப்படியே பதிவாகும். பிள்ளை எந்த இனம் என்று பத்திரம் சொல்வதில்லை, தகப்பன் வழியைப் பிடிப்பது ஊர் வழக்கம். ஆகவே "என் இனம் பிழையாகப் பதிந்திருக்கிறது" என்று வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, யாருடைய கூட்டில் என்பதுதான்.

கொட்டாஞ்சேனை

அதே பத்திரத்தில் கீழே பேரனார் (தாத்தா) இலங்கையில் பிறந்தவரா, பூட்டனார் (தாத்தாவின் தகப்பன்) இலங்கையில் பிறந்தவரா என்று இரண்டு கூடுகள் இருக்கின்றனவே, பலர் அவற்றைக் குடும்பப் பெருமைக்காகக் கேட்பதாக நினைக்கிறார்கள். அவை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு பொருந்துபவை. அந்த ஆண்டு நவம்பர் 15க்கு முன் இங்கே பிறந்தவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமானால் தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தகப்பன் வழிப் பேரனாரும் பூட்டனாரும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளியினரிடம் மூன்று தலைமுறைக்குப் பிறப்புப் பத்திரம் ஏது? நாடற்றவர் என்ற சொல் அங்கேதான் முளைத்தது. 1964 அக்டோபர் 30 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்து, 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டது. அந்த மீதி 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிடப்பட்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் அந்த 1964 அக்டோபர் 30ஐயே பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து இங்கே நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினரும் அவர்களின் சந்ததியும் அதனால் பிரஜைகளானார்கள்.

இப்போது வரும் சிக்கல் வேறு. பத்திரத்தில் "இந்தியத் தமிழர்" என்று இருக்கும். ஆங்கில மொழிபெயர்ப்பைக் கையில் எடுக்கும் வெளிநாட்டு அதிகாரி, "இந்தியக் கடவுச்சீட்டு எங்கே?" என்று கேட்பார். அது வம்சத்தைச் சொல்லும் சொல், பிரஜாவுரிமை அல்ல.

வெள்ளவத்தை, மொழிபெயர்ப்பாளர்

அதற்காக மொழிபெயர்ப்பில் "இலங்கைத் தமிழர்" என்று மாற்றித் தரச் சொல்லாதீர்கள். மூலத்தில் இல்லாததை எழுதினால் முழுக் கோப்புமே சந்தேகத்துக்கு உள்ளாகும். உள்ளதை உள்ளபடி எழுதி, விண்ணப்பத்தோடு ஒரு விளக்கக் கடிதம் வையுங்கள்: இது இனப் பதிவு, விண்ணப்பதாரர் இலங்கைப் பிரஜை, கடவுச்சீட்டுப் பிரதி இணைப்பில். அரசியலமைப்பின் 26ஆம் உறுப்புரையையும் குறிப்பிடலாம். வம்சாவளியாலோ பதிவாலோ பிரஜையான எவரும் "இலங்கைப் பிரஜை" என்றே குறிக்கப்பட வேண்டும் என்கிறது அது.

இன்னொன்று. பழைய ஆங்கிலப் பத்திரங்களில் "சிலோன் தமிழ்" என்றும் புதியவற்றில் "ஸ்ரீலங்கன் தமிழ்" என்றும் இருப்பதால் தகப்பனும் மகனும் வேறு வேறு இனமா என்று கேட்பார்கள். 1972 மே 22இல் நாட்டின் ஆங்கிலப் பெயர் மாறியது, அவ்வளவே. தமிழில் அன்றும் இன்றும் இலங்கைதான், அதனால் இந்தச் சிக்கல் நம் கண்ணுக்கே படுவதில்லை.

ஹட்டனிலிருந்து கொழும்பு வந்தவர்களுக்காக

"இந்தியத் தமிழர்" என்பதற்குப் பதிலாக "மலையகத் தமிழர்" என்று எழுதலாமா என்று இளையவர்கள் கேட்கிறார்கள். இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்ற பிரிவே 1911 குடிசன மதிப்பீட்டில் வந்ததுதான். 1981இல் இந்தியத் தமிழர் 5.5 சதவீதம், 2012இல் 4.1. இந்தியாவுக்குப் போனவர்கள் போக, "இலங்கைத் தமிழர்" என்று பதிந்துகொண்டவர்களும் இந்தக் குறைவில் அடக்கம். "தோட்டக்காட்டான்", "கள்ளத்தோணி" என்ற வசைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் அப்படிப் பதிவதில் ஆச்சரியம் என்ன? ஆனால் பிள்ளையின் பத்திரத்தில் மட்டும் மாற்றினால் பெற்றோரின் பத்திரத்தோடு ஒத்துவராது. மாற்றும் முன் வீட்டிலுள்ள எல்லாப் பத்திரங்களையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

புதுக்கடை, நொத்தாரிசு

காணி விஷயத்தில் "இலங்கைத் தமிழர்" என்ற சொல்லை மட்டும் வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது. தேசவழமை (யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டம்) பொருந்துவது வட மாகாணத்தை வதிவிடமாகக் கொண்ட தமிழருக்கு. 1806 ஒழுங்குவிதியில் அவர்கள் "மலபார்" மக்கள் என்று குறிக்கப்பட்டார்கள், அங்கே அந்தச் சொல் தமிழரையே குறித்தது, கேரளத்தவரை அல்ல. மட்டக்களப்புத் தமிழருக்குப் பொதுச் சட்டம்தான். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பம்பலப்பிட்டி மாடிவீடு என்றாலும் இந்தக் கேள்வி எழும். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர் வட மாகாண வதிவாளரா என்பது உண்மைகளை வைத்து நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய விஷயம். சந்தேகமிருந்தால் கணவனின் கையெழுத்தையும் எடுத்துவிடுவதே பாதுகாப்பு. இந்தச் சட்டம் நியாயமா என்பது வேறு கதை, பெண்கள் பல காலமாகக் கேட்கும் கேள்வி.

பழைய சோனகத் தெரு

எங்கள் பக்கம் குழப்பம் இனத்துக்கும் மதத்துக்கும் இடையில். பத்திரத்தில் "இலங்கைச் சோனகர்" என்றும் வாயில் "முஸ்லிம்" என்றும் இருக்கும். மலாயரும் முஸ்லிம்கள், ஆனால் சோனகர் அல்லர். இனக் கூட்டில் முஸ்லிம் என்று எழுதிவிட்டால் பிறகு பேரனாரின் பத்திரத்தோடு முட்டும். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமோ இனத்தைப் பார்ப்பதில்லை, மதத்தையே பார்க்கிறது.

வீட்டில் தமிழ் பேசுகிறீர்களே, பிறகு ஏன் தமிழர் இல்லை என்று கேட்பவர்களுக்கு: 1880களில் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் சோனகரை இனத்தால் தமிழர் என்று வாதிட்டார். 1907இல் சோனகத் தலைவர் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து எழுதினார். இந்த விவாதத்தை இங்கே மறுபடி தொடங்க வேண்டாம்.

கொழும்புச் செட்டி, பரதர் பற்றி யாரும் சொல்லவில்லையே?

இரண்டும் தனி இனங்களாகவே பதியப்படுகின்றன. "தமிழர்" என்று சுருக்கி எழுதிவிட்டுப் பிறகு பழைய பத்திரத்தைத் தேடி அலைபவர்கள் உண்டு. பறங்கியருக்கும் (ஐரோப்பிய வம்சாவளியினர்) அப்படித்தான், வீட்டில் தமிழோ சிங்களமோ பேசினாலும் பத்திரம் தகப்பன் வழியைச் சொல்லும்.

டொரொன்டோ, லண்டன் படிவங்கள்

கனடாக் குடிசன மதிப்பீட்டில் "தெற்காசியர்" என்பதற்கு உதாரணமாக இலங்கையரையும் போட்டிருக்கிறார்கள், அங்கே அடையாளமிடலாம். இங்கிலாந்தில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர், சீனர் என்று தனித்தனிக் கூடுகள், நமக்குக் கிடையாது. "வேறு ஆசியப் பின்னணி" என்பதில் அடையாளமிட்டுப் பக்கத்தில் "இலங்கைத் தமிழர்" என்று எழுதுங்கள். தமிழர்தானே என்று "இந்தியர்" கூட்டில் அடையாளமிடாதீர்கள்.