காலில் ஒட்டிய தோல், எரிந்த தொடை

எட்டு வயதில் மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்து இடது கெண்டைக்கால் வெந்துபோனது. முப்பத்தைந்து ஆண்டுகளாக அந்தத் தழும்பை நான் பொருட்படுத்தியதே இல்லை. சென்ற ஆண்டு அதன்மேல் ஒரு புண் வந்தது. ஆறுவதும் மறுபடி வெடிப்பதுமாக நான்கு மாதங்கள் ஓடின. சர்க்கரையாக இருக்கும் என்றார்கள், இல்லை. சதை எடுத்துப் பரிசோதித்ததில் புற்றுநோய். பழைய தீக்காயத் தழும்பில் இப்படி வருவதற்கு மார்ஜோலின் புண் என்று பெயர். ஆறாத புண் தழும்பில் இருந்தால் தயவுசெய்து களிம்பு பூசிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள்.

புண்ணைச் சுற்றியிருந்த நல்ல சதையையும் சேர்த்து அகற்றியதில் உள்ளங்கை அளவுக்குப் பள்ளம். வலது தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி அங்கே ஒட்டினார்கள். நான் பயந்ததெல்லாம் காலுக்காக. வலித்ததோ தொடை! தார் ரோட்டில் தேய்த்துக்கொண்டு விழுந்ததுபோல் இரவெல்லாம் எரிச்சல். மேல்தோலோடு அடித்தோலின் மேற்பகுதியையும் சேர்த்துச் சீவுவதால் நரம்பு நுனிகள் திறந்துகிடக்கின்றன. அடியில் மிஞ்சிய மயிர்க்கால்களிலிருந்துதான் புதுத்தோல் வளர வேண்டும். அதன்மேல் போட்ட வலைத்துணி காய்ந்து பலகைபோல் ஆகிவிட்டது. பத்தாம் நாள் அரிப்புத் தாங்காமல் ஓரத்தைப் பிடித்து இழுத்துவிட்டேன். புதுத்தோலும் சேர்ந்து உரிந்து ரத்தம் கொட்டியது. தூக்கி நிற்கும் ஓரத்தைக் கத்தரிக்கலாம், இழுக்கவே கூடாது.

காலில் ஐந்தாம் நாள் கட்டுப் பிரித்தார்கள். நர்ஸ் உப்புநீரை ஊற்றி ஊற்றி, கால் மணி நேரம் பொறுமையாக நனைத்தார். குனிந்து பார்த்துவிட்டு, "இளஞ்சிவப்பாக இருக்கிறது அம்மா, பிடித்துவிட்டது" என்றார். அப்போதுதான் அழுதேன்.

*

அக்கா, என் அப்பாவுக்குக் கணுக்காலுக்கு மேலே ஒட்டினார்கள். ஒட்டிய தோலுக்கு முதல் இரண்டு நாள் சொந்த ரத்தக்குழாய் கிடையாது, அடியில் கசியும் நீரில்தான் உயிர்வாழும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் ஒரு வாரம் அசையாமல் காத்தோம். வீட்டுக்கு வந்தபின் அப்பா கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு நிதானமாகச் சாப்பிட்டார். ரத்தம் கீழே தேங்கி, ஒட்டிய தோல் ஊதா நிறமாகிக் கொப்புளம் கட்டி, ஒரு மூலை போய்விட்டது. பிறகு கிரேப் பேண்டேஜ் சுற்றி, ஐந்து ஐந்து நிமிடமாகத்தான் தொங்கவிடப் பழக்கினோம். நடக்கத் தொடங்கும் எல்லாரும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

*

தம்பி, அப்பாவுக்கு அந்த மூலை ஆறிவிட்டதா? எனக்குத் தோல் ஒட்டி இப்போது ஏழு மாதம். ஒட்டிய இடம் வியர்ப்பதில்லை, எண்ணெய்ப்பசையும் இல்லை. தேங்காய் எண்ணெய் தடவாத நாளில் வெடிக்கிறது. உணர்ச்சியும் குறைவு. சுடுநீர் ஊற்றுமுன் கையால் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த வாரம் பரிசோதனை. புற்று பரவித் தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் அழுத்திப் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பேன்.