நெல்மூடை தூக்கியதில் வந்த வயிற்று நோ: சதைப்பிடிப்பா, குடலிறக்கமா?

விசுவமடு வயல்காரன்

காலபோக நெல்லை லொறியில் ஏற்றிய நாளிலிருந்து மச்சானுக்கு அடிவயிற்றின் வலப்பக்கம் நோ. குனிந்தால் பிடிக்கிறது, தும்மினால் கையால் பொத்திக்கொள்கிறார். அவர் “சதை பிடிச்சிருக்கு, சித்தாலேப பூசினால் போகும்” என்கிறார். மாமியோ “குடல் இறங்கியிருக்கும், எண்ணெய் போட்டு உருவ வேணும்” என்று நிற்கிறா. ஆஸ்பத்திரிக்கு எப்படியும் கூட்டிப்போகத்தான் போகிறேன். அதற்கு முன், இந்த இரண்டில் ஒன்று வந்தவர்கள் உங்களுக்கு எப்படி இருந்தது என்று சொல்லுங்கோ.

நாயாற்றுக் கரை

எனக்கு வந்தது சதைப்பிடிப்பு. கரைவலையில் மடி கிட்ட வரும்போதுதான் முழுப் பாரமும் தெரியும். குதிக்காலை மணலில் ஊன்றிப் பின்னுக்குச் சாய்ந்துதான் இழுப்போம். அப்படி இழுக்கும்போது தொப்புளுக்குக் கீழே இடப்பக்கம் சடக்கென்று பிடித்தது. எந்த இழுவையில் பிடித்தது என்று இன்றைக்கும் சொல்லுவேன். நோ ஒரு விரல் வைக்கிற இடத்தில்தான். ஆனால் பாயிலிருந்து எழும்ப முடியாது, பக்கவாட்டில் உருண்டுதான் எழும்ப வேண்டும். சிரித்தாலும் உயிர் போகும்.

டொக்டர் மல்லாக்கப் படுக்கவிட்டு, நோகிற இடத்தை விரலால் அமத்திக்கொண்டு, “தலையை மட்டும் தூக்குங்கோ” என்றார். தூக்கியதும் நோ இன்னும் கூடியது. வயிற்றுச் சதை இறுகும்போது நோ கூடினால் பிழை அநேகமாகச் சதையில்தான், உள்ளுக்கு இல்லை என்றார். பிறகு நிற்கவைத்து, கவட்டில் விரலை வைத்து இருமச் சொன்னார். ஒன்றும் தள்ளவில்லை. பனடோலும் ஓய்வும்தான் மருந்து. மீன்பெட்டிக்கு வாங்கிய ஐஸைத் துணியில் சுற்றி முதல் இரண்டு மூன்று நாள் வைத்தேன். சில கிழமைகளில் நோ தானாகக் குறைந்து, திரும்பவும் வலைக்குப் போனேன்.

முள்ளியவளை மகன்

அப்பாவுக்கு வந்தது குடலிறக்கம், இதற்கு நேர்மாறு. நோ என்று அவர் வாயே திறந்ததில்லை. கிணற்றடியில் நனைந்த சாரத்தோடு நிற்கும்போதுதான் தம்பி கண்டான்: வலது கவட்டில் கோழிமுட்டை அளவு புடைப்பு. கேட்டால் “அது கிடக்கட்டும், விடியப் பாத்தால் இருக்காது” என்கிறார். உண்மைதான். காலையில் படுக்கையில் பார்த்தால் தடம் தெரியாது. பின்னேரம் சைக்கிள் உழக்கி, மாட்டுக்குத் தண்ணி அள்ளி முடிய அது வெளியே வந்து நிற்கும். எப்போது தொடங்கியது என்று அவருக்கே தெரியாது. நோ எப்படி என்று துருவிக் கேட்டதற்கு, “நோ இல்லை, பாரமா இழுக்கிற மாதிரி” என்றார். வற்றாப்பளைப் பொங்கலுக்கு நடந்துபோய் இரவு முழுக்க நின்றுவிட்டு வந்த அடுத்தநாள் மட்டும், எரிகிறது என்று அவராகவே சொன்னார்.

எனக்குப் படுவது இதுதான்: கத்திக் குளறவைக்கிறது சதைப்பிடிப்பு, அதனால் ஆள் உடனே ஓடுகிறார். குடலிறக்கம் சத்தம் போடாது. அதோடு இடமும் கவடு. எங்கடை ஆட்கள் வைத்தியரிடம்கூட வெட்கத்தில் காட்டமாட்டார்கள். அப்பா பெட்டிக்கடையில் வாங்கிய ஒரு பட்டியைச் சாரத்துக்குள் இறுக்கிக் கட்டிக்கொண்டு எங்கள் எல்லாருக்கும் ஒளித்திருக்கிறார். பட்டி கட்டினால் புடைப்பு உள்ளே நிற்குமே தவிர, குடல் வெளியே தள்ளுகிற வயிற்றுச் சுவர் ஓட்டை அடைபடாது.

கிளினிக்கில் கேட்ட கேள்விகள்தான் எனக்குப் புதுமை. இருமல் இருக்கா, பீடி குடிப்பீங்களா, சலம் போக முக்க வேண்டியிருக்கா, மலச்சிக்கலா? இருமுவதும் முக்குவதும் வயிற்றின் அழுத்தத்தைக் கூட்டி, பலவீனமான இடத்தால் குடலைத் தள்ளுமாம். அப்பாவுக்குப் பீடி இருமல் வருசக்கணக்கில் இருந்தது. நாரியில் ஊசி போட்டு மரக்கவைத்து, ஓட்டைக்கு வலை வைத்துத் தைத்தார்கள். அடுத்தநாளே வீடு. பாரம் தூக்காமல் அவரை வைத்திருந்ததுதான் ஒப்பரேசனைவிடப் பெரிய பாடு.

மல்லாவி அக்கா

ஆம்பிளையளின்ரை வருத்தம் என்று விட்டுவிடாதேங்கோ. எனக்கு சிசேரியன் தழும்புக்குப் பக்கத்தில் வந்தது. குந்தியிருந்து எழும்பினால் தள்ளும், கையால் அமத்தினால் உள்ளே போகும். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு சிலருக்கு, படுத்திருந்து எழும்பும்போது வயிற்றின் நடுவே நீளமாக ஒரு மேடு எழும்பும். அது குடலிறக்கம் இல்லை, இரண்டு பக்கத்துச் சதையும் விலகியதால் வருவதாம். என் தங்கைக்கு அதுதான். இரண்டு பேரும் ஒரே வருத்தம் என்று கதைத்துக்கொண்டிருந்தோம்.

தங்கையின் மகனுக்குத் தொப்புளில் சின்னப் புடைப்பு இருந்து, வளர வளரத் தானாக மூடிவிட்டது. ஆனால் குழந்தைக்கு அழும்போது கவட்டில் புடைத்தால் அது தானாகப் போகாது, தாமதிக்காமல் காட்ட வேண்டும் என்று மருத்துவமாது சொன்னவ.

வவுனியா தாதி

மேலே சொன்னவை எல்லாம் சரி. ஆண்களில் 100 பேரில் ஏறக்குறைய 27 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது கவட்டுக் குடலிறக்கம் வருகிறது, பெண்களில் 3 பேருக்கு. ஆண் சிசுவுக்கு விதைகள் வயிற்றுக்குள்ளிருந்து இறங்கிவருகிற பாதை அங்கே இருப்பதால் அந்த இடம் பிறவியிலேயே பலம் குறைவு. பெண்களுக்குக் கவட்டு மடிப்புக்குச் சற்றுக் கீழே, தொடையின் மேற்பக்கம் ஒரு வகை வரும். சின்னதாக இருக்கும், ஆனால் இறுகிக்கொள்கிற ஆபத்து அதில் கூட.

புடைப்பு இல்லை என்பதற்காகக் குடலிறக்கம் இல்லை என்று முடிவுகட்டவும் வேண்டாம். உடம்பு பருத்தவர்களுக்கு வெளியே தெரியாது; ஸ்கானில் முக்கவைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். மாமிக்கு ஒன்று சொல்லுங்கோ: எண்ணெய் போட்டு உருவவே வேண்டாம். உள்ளே குடல் இருந்தால் நசுங்கும்.

உள்ளே போய்வந்த புடைப்பு ஒருநாள் கல் மாதிரி இறுகி உள்ளே போகாமல் நின்று, தொடவே நொந்து, தோல் சிவந்து, சத்தி எடுத்து, காற்றும் பறியாமல் வயிறு ஊதினால், குடலுக்கு இரத்தம் போவது நின்றுகொண்டிருக்கலாம். மணித்தியாலக் கணக்கில் குடல் அழுகும். அப்போது தள்ளிப் பார்க்காதீர்கள், சோடா, கசாயம், தண்ணி எதுவும் கொடுக்காதீர்கள், ஒப்பரேசன் தேவைப்படலாம். நெடுங்கேணி, துணுக்காய்ப் பக்கம் உள்வீதியில் இருப்பவர்கள் விடியட்டும் என்று காத்திருப்பதுதான் பெரிய பிழை. 1990-க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

விசுவமடு வயல்காரன்

காட்டிவிட்டு வந்தோம். நின்று இருமியபோது ஒன்றும் தள்ளவில்லை, தலையைத் தூக்கியபோது நோ கூடியது. இப்போதைக்குச் சதைப்பிடிப்பு என்று எழுதியிருக்கிறார்கள். புடைப்பு ஏதும் கண்டாலோ ஒரு மாதத்தில் நோ மாறாவிட்டாலோ சேர்ஜிக்கல் கிளினிக்குக்கு வரச்சொன்னார்கள். மாமி எண்ணெய்ப் போத்தலைத் திரும்ப அலுமாரியில் வைத்துவிட்டா. மூடை தூக்க வேண்டாமாம், சரி. லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) ஓட்டலாமோ என்று கேட்க மறந்துபோனோம்.

நாயாற்றுக் கரை

வேண்டாம் தம்பி. வயல் மூலையில் அதைத் திருப்பும்போது கைப்பிடியை அமத்தித் தூக்குறது கையில்லை, வயிறுதான். நோ முழுக்கப் போகும்வரை வேற ஆளிட்டைக் குடுக்கச் சொல்லுங்கோ.