காற்றறை கூர்முனையில் இருக்கும் முட்டை: வழி சொல்லுங்கள்

பெரம்பூரில் வீட்டு இன்குபேட்டரில் சிறுவிடைக் கோழி முட்டைகளை அடைவைத்திருக்கிறேன். வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸில் நிலையாக நிற்கிறது. டார்ச் ஒளியில் பார்த்தபோது ஒரு முட்டையில் காற்றறை (ஓட்டுக்குள் காற்று நிற்கும் வெற்றிடம்) அகன்ற முனையில் இல்லாமல் கூர்முனையில் தெரிந்தது. ரத்த நாளங்கள் தெளிவாக ஓடுகின்றன, கருவும் அசைகிறது. எடுத்தெறிய மனம் வரவில்லை. 18ஆம் நாள் முட்டைகளைத் திருப்புவதை நிறுத்தியதும் இதைப் படுக்கவைப்பதா, கூர்முனை மேலே இருக்கும்படி நிறுத்துவதா? 21ஆம் நாளும் குஞ்சு ஓட்டைக் கொத்தாவிட்டால் எவ்வளவு நேரம் பொறுக்கலாம்?

இன்னொன்றில் மயிரிழை விரிசல். மெழுகை அந்தக் கோட்டின் மீது மட்டும் தடவியிருக்கிறேன். ஓடு முழுவதும் மூடினால் கருவுக்குக் காற்று கிடைக்காது. நீர் கசிந்தாலோ நாறினாலோ உடனே அகற்றிவிடுவேன், வெடித்தால் மற்ற முட்டைகளிலும் கிருமி பரவும்.

இப்படிப்பட்ட முட்டையில் குஞ்சு எடுத்தவர்கள், குறிப்பாகச் சென்னையின் ஈரக்காற்றில் வளர்ப்பவர்கள், தயவுசெய்து சொல்லுங்கள்.