தம்பியின் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் குறை இல்லை. மூளை இணைப்பு ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

தண்டையார்பேட்டை அக்கா:

வணக்கம். என் தம்பிக்கு மனச்சிதைவு நோய் என்று மனநல மருத்துவர் சொல்லி, சில ஆண்டுகளாக மாத்திரை எடுத்து வருகிறான். நோய் தொடங்கிய காலத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மூளையில் குறை எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, “மூளை நன்றாக இருக்கும்போது நோய் எங்கிருந்து வரும், வேலைக்குப் போகாமல் இருப்பதற்கு இது ஒரு சாக்கு” என்று பெரியப்பா வீட்டில் இன்றும் பேசுகிறார்கள். இப்போது ஒரு தனியார் ஸ்கேன் மையத்தில், மூளைப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்பைக் காட்டும் புதுவகை ஸ்கேன் இருப்பதாகவும், அதில் இந்த நோய் தெளிவாகத் தெரியும் என்றும், மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் அது உதவும் என்றும் சொல்கிறார்கள். செலவு எங்கள் குடும்பத்துக்குப் பெரியது. இந்நோயில் மூளை இணைப்புகள் மாறுபடுகின்றன என்று செய்திகளில் நானும் படித்திருக்கிறேன். அப்படியென்றால் முதல் ஸ்கேனில் அது ஏன் தெரியவில்லை? புதிய ஸ்கேனை எடுத்துப் பார்ப்பது நல்லதா?

பெரம்பூர் ரேடியோகிராபர்:

நோயைப் பற்றி மருத்துவம் படித்தவர்கள் சொல்லட்டும். நான் கருவியின் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். உங்கள் தம்பிக்கு முதலில் எடுத்தது மூளையின் அமைப்பைக் காட்டும் வழக்கமான ஸ்கேன். கட்டி, ரத்தக்கசிவு, மூளை அழற்சி, பழைய காயம் போன்றவற்றாலும் இல்லாத குரல்கள் கேட்பதும் நடத்தை மாறுவதும் நேரலாம் என்பதால், அவை இல்லை என்று தெரிந்துகொள்ளவே மருத்துவர் அதைக் கேட்டிருப்பார். அவை தென்படவில்லை என்பதற்கு மேல் அந்த ரிப்போர்ட் எதையும் சொல்லவில்லை.

இணைப்பைப் பார்க்கும் முறைகளில் முக்கியமானவை இரண்டு. டிஃப்யூஷன் முறையில் நீர் மூலக்கூறுகளின் அசைவை அளக்கிறார்கள். நரம்பிழைகளின் நீளவாக்கில் நீர் எளிதாகவும் குறுக்கே சிரமப்பட்டும் நகர்வதால், அந்த வேறுபாட்டை 0 முதல் 1 வரையிலான ஓர் எண்ணாகக் கணக்கிட முடிகிறது. இழைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடங்களில் நல்ல உடல்நலம் உள்ளவருக்கும் அந்த எண் குறைவாகவே வரும் என்பதால், எண் குறைந்த இடத்தில் எல்லாம் நரம்பு அறுந்திருப்பதாக எண்ணிவிடக் கூடாது. விளம்பரங்களில் வரும் வண்ணக் கோடுகள் இந்த எண்களை வைத்துக் கணினி வரைந்தவை. நரம்பைப் படம் பிடித்தவை அல்ல.

மற்றது ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. நோயாளியைச் சில நிமிடங்கள் சும்மா படுக்க வைத்து, சில விநாடிகளுக்கு ஒருமுறை மூளை முழுவதையும் பதிவு செய்கிறார்கள். ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சார்ந்த சமிக்ஞை எந்தெந்தப் பகுதிகளில் ஒருசேர ஏறி இறங்குகிறதோ, அவை இணைந்து செயல்படுவதாகக் கொள்கிறார்கள். காசிமேட்டில் கட்டி நிற்கும் இரண்டு படகுகள் ஒரே நேரத்தில் எழும்பித் தாழ்வதால் அவற்றுக்கிடையே கயிறு இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது, ஒரே அலை இரண்டையும் தூக்கியிருக்கலாம். இங்கே அலை என்பது மூச்சு, இதயத்துடிப்பு, எல்லாவற்றுக்கும் மேலாகத் தலை அசைவு. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அசைவுகூட, தொலைவில் உள்ள பகுதிகளின் இணைப்பைக் குறைத்தும் அருகில் உள்ளவற்றின் இணைப்பைக் கூட்டியும் காட்டிவிடும் என்பதை 2012-இல் வெளிவந்த ஆய்வுகள் எடுத்துக்காட்டின. மனநோய் மாத்திரைகளில் சிலவற்றால், இருந்த இடத்தில் இருக்க முடியாத ஒரு தவிப்பு வருவதுண்டு. அந்தத் தவிப்போடு குழாய்க்குள் படுத்திருப்பவரின் தலை அசைந்ததா, இணைப்பே மாறியிருக்கிறதா என்பதைப் பிரித்தறியத் தனிப் பயிற்சி வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு அன்று மாலையே தரும் ரிப்போர்ட்டில் அந்த உழைப்பு இருக்கும் என்று நான் நம்பவில்லை.

ராயபுரம் முதுநிலை மாணவர் (மனநல மருத்துவம்):

முன்னவர் கூறியதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேறுபாடே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரியப்பா வீட்டாருக்கு அது வசதியாகப் போய்விடும். மூளையின் நடுவே உள்ள நீரறைகள் இந்நோயாளிகளில் சராசரியாகப் பெரிதாக இருப்பதை பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஈவ் ஜான்ஸ்டோன் குழுவினர் 1976-லேயே சி.டி. ஸ்கேன் வழியாகக் காட்டினார்கள். பகுதிகளுக்கு இடையிலான தொடர்பு சீர்கெடுவதே நோயின் மையம் என்ற கருத்தை மூளை ஆய்வாளர்களான கார்ல் ஃப்ரிஸ்டனும் கிறிஸ் ஃப்ரித்தும் 1995-இல் முன்வைத்தார்கள். அதன்பின் நடந்த பல ஆய்வுகளில், புலன் செய்திகளை மூளையின் வெளி அடுக்கான புறணிக்கு அனுப்பும் தலாமஸ், முன்நெற்றிப் பகுதியோடு கொண்ட ஒத்திசைவு குறைந்தும் புலன், இயக்கப் பகுதிகளோடு கொண்ட ஒத்திசைவு கூடியும் காணப்பட்டது.

இருந்தும் இவற்றை வைத்து ஒருவருக்கு ஏன் நோயறிய முடியவில்லை? பல ஆய்வுக் குழுக்களின் தரவுகளைச் சேர்த்து 2018-இல் வெளிவந்த எனிக்மா என்ற கூட்டாய்வில் 1,963 நோயாளிகளையும் நோயற்ற 2,359 பேரையும் டிஃப்யூஷன் முறையில் ஒப்பிட்டார்கள். நரம்பிழைகள் ஓடும் வெண்பொருளில் பார்த்த 25 பகுதிகளில் 20-இல், முன்னவர் சொன்ன 0 முதல் 1 வரையிலான எண்ணின் சராசரி நோயாளிகளிடம் குறைந்திருந்தது. சான்று என்ற வகையில் இது வலுவானது. ஆனால் மூளை முழுவதற்குமான வேறுபாட்டின் அளவு புள்ளியியல் கணக்கில் 0.42 மட்டுமே. நோயாளி ஒருவரையும் நோயற்ற ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தால், நூற்றுக்குச் சுமார் 62 முறைதான் நோயாளியின் எண் குறைவாக இருக்கும் என்பது இதன் பொருள். வெறும் ஊகத்துக்கே 50 முறை சரியாகும். போதாக்குறைக்கு, மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோயிலும் இதே பகுதிகள் பலவற்றில் இதே போன்ற மாற்றங்கள் தெரிகின்றன. ஆகவே இன்றும் நோயாளியிடமும் வீட்டாரிடமும் விரிவாகப் பேசித்தான் நோயை உறுதிசெய்கிறோம், ஸ்கேனைப் பார்த்து அல்ல.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உட்கொள்ளும் மருந்தின் அளவுக்கும் இந்தக் குறைவுக்கும் தொடர்பு அந்த ஆய்வில் தென்படவில்லை. மாத்திரையால்தான் இணைப்பு கெட்டது என்று சொல்லி யாராவது நிறுத்தச் சொன்னால் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.

வியாசர்பாடி அம்மா:

சான்றிதழுக்காக என்றால் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதே அம்மா. என் மகனுக்கு நான் வாங்கியிருக்கிறேன். மனநோய்க்கு ஐடியாஸ் என்ற அளவுகோலை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள்: தன் வேலைகளைத் தானே செய்துகொள்கிறாரா, மற்றவர்களோடு எப்படிப் பழகுகிறார், பேச்சைப் புரிந்துகொண்டு பதில் சொல்கிறாரா, வேலைக்குப் போகிறாரா, எத்தனை ஆண்டுகளாக நோய் இருக்கிறது என்பவற்றைக் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். ஸ்கேனுக்கு அதில் இடமே இல்லை. பழைய சீட்டுகளையும் மாத்திரை எழுதிய தாள்களையும் தேதி வரிசைப்படி அடுக்கி எடுத்துச் செல். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் விசாரித்தால் வழிமுறையைச் சொல்வார்கள்.

தண்டையார்பேட்டை அக்கா:

அனைவருக்கும் நன்றி. அந்த மையத்துக்குப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். இன்னும் ஒரு சந்தேகம். என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். நோயாளியின் நெருங்கிய உறவினர்களிடமும் இந்த இணைப்பு மாற்றம் ஓரளவு காணப்படும் என்று படித்தேன். அவளுக்கு முன்கூட்டியே ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா?

ராயபுரம் முதுநிலை மாணவர்:

வேண்டாம். நோயற்ற உடன்பிறப்புகளிடமும் இத்தகைய மாற்றங்கள் சிறிய அளவில் பதிவாகியிருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை என்பதால்தான் அந்தப் படத்தை வைத்து எதையும் முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. பொதுமக்களில் இந்நோய் வாழ்நாளில் நூற்றுக்கு ஒருவர் அளவில் வருகிறது என்றால், நோயாளியின் உடன்பிறந்தாரின் பிள்ளைகளில் அது நூற்றுக்கு நான்கு பேர் அளவில் என்று பழைய குடும்ப ஆய்வுகள் கணக்கிட்டன. அதாவது 96 பேருக்கு வராது. தூக்கம் கெட்டு, தோழிகளை விட்டு விலகி, காரணமில்லாத சந்தேகங்களைப் பேசும் மாற்றம் வாரக்கணக்கில் நீடித்தால் மட்டும் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.

பெரம்பூர் ரேடியோகிராபர்:

தம்பியின் பழைய ஸ்கேன் ஃபிலிமையும் அது பதிவான குறுந்தகட்டையும் பத்திரமாக வைத்திருங்கள். அவருக்குப் புதிதாக வலிப்போ, கை கால் பலவீனமோ, இதுவரை இல்லாத கடும் தலைவலியோ வந்தால் மருத்துவரே மறுபடி ஸ்கேன் கேட்பார். அப்போது பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்க அது தேவைப்படும். குறுந்தகடு நாளாவட்டத்தில் கெட்டுவிடும் என்பதால் ஒரு பென் டிரைவிலும் நகல் எடுத்து வையுங்கள்.